காமராஜர் விட்டுவந்த நாற்காலி

1941 நவம்பரில் வேலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த காமராஜருக்கு விருதுநகரில் ஒரு பதவி காத்திருந்தது. போர் நிதிக்கு யாரும் பணம் தரக் கூடாது என்று பேசியதற்காக, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி அவரைச் சிறையில் அடைத்திருந்தார்கள். தனிநபர் சத்தியாகிரகத்துக்கான பட்டியலில் காந்தியின் ஒப்புதல் வாங்க வார்தாவுக்குப் புறப்பட்டவரை 1940 டிசம்பரில் குண்டூரில் வைத்துக் கைது செய்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது சொந்த ஊர்.

வெளியே வந்தவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். ஒரு பதவிக்கு முழு நியாயம் செய்ய முடியாது என்றால் அதை ஏற்கவே கூடாது என்பது அவருடைய கொள்கை. அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர். 1940-இல் அவர் தலைவரானபோது, அவரை அரசியலுக்குள் வளர்த்த சத்தியமூர்த்தியே செயலாளராக இருந்து பணியாற்றினார். அதற்கு முன்பே, 1937 தேர்தலில், சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குப் போயிருந்தார். இன்னொரு போராட்டம் வரப்போகிறது, மறுபடியும் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டே ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்ட் போராட்டம் வந்தது, அவரும் மூன்று வருடம் உள்ளே போனார். அந்த மூன்று வருடங்களும் விருதுநகர் நகராட்சியின் தலைவர் நாற்காலி அவர் பெயரில் காலியாகக் கிடந்திருக்கும்.

விருதுநகர் தண்ணீருக்குத் தவிக்கிற ஊர். கரிசல் பூமி, வானம் பார்த்த விவசாயம், ஊருக்கு நடுவே சந்தையும் தெப்பக்குளமும். குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, சந்தை வரி இவைதான் நகராட்சித் தலைவரின் அன்றாடம். இதில் எதையும் மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவரால் கவனிக்க முடியாது. சொந்த ஊர் கொடுத்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்கும்போது காமராஜர் பார்த்தது இதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு முடிவை வைத்து எழுதப்படுகிறது. ஒரே ஆள் இரண்டு பொதுப் பதவிகளில் இருக்கலாமா என்ற கேள்விக்கு நம் அரசியல் சட்டத்தில் பல இடங்களில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில்கள் உறுப்பினர் இடத்தை எண்ணுகின்றன, இல்லையென்றால் பணத்தை எண்ணுகின்றன. நேரத்தை எண்ணுவது மிகக் குறைவு. காமராஜர் எண்ணியது நேரத்தை. சிவகாசி வட்டாரத்தில் இந்த வித்தியாசத்தின் விலை உயிர் வரைக்கும் போகிறது. அதனால்தான் இதை இந்த மாவட்டத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

பதினான்கு நாள் கெடு

மேலே இருக்கிற பதவிகளுக்குச் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஒருவரே இருக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 101-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 1950-இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட விதிகள் கெடுவை வகுக்கின்றன: இரண்டுக்கும் தேர்வான செய்தி அரசிதழில் வந்த 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விட வேண்டும், விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் தானாகவே காலியாகிவிடும். இரண்டு தொகுதிகளில் நின்று ஒரே சபைக்கு இரண்டு இடத்திலும் ஜெயித்தவருக்கு விதி இன்னும் கடுமை. குறித்த நாளுக்குள் ஒன்றை விடவில்லை என்றால் இரண்டுமே போய்விடும்.

இந்தக் கெடு வெறும் சம்பிரதாயம் இல்லை. 2019-இல் நாங்குநேரி எம்.எல்.ஏ. எச்.வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். சட்டமன்ற இடத்தை விட்டார், நாங்குநேரி இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி காங்கிரஸ் கையைவிட்டு அ.தி.மு.க.வுக்குப் போனது. 2021-இல் மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்களாக இருந்த கே.பி.முனுசாமியும் ஆர்.வைத்திலிங்கமும் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தார்கள். இருவரும் டெல்லி இடத்தை விட்டார்கள். ஆட்சி மாறியிருந்ததால் அந்த இரண்டு இடமும் தி.மு.க.வுக்குப் போயின. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு சபையில் உட்காரக் கூடாது என்ற எளிய விதி, டெல்லியில் ஒரு கட்சியின் பலத்தையே மாற்றிவிட்டது.

இரண்டு தொகுதிகளில் நிற்பதைச் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. 1996 வரை அதற்கும் வரம்பு கிடையாது, எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி இரண்டோடு நிறுத்தினார்கள். 1991-இல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்து காங்கேயத்தை விட்டார். 2001-இல் அவர் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடங்களில் மனுத் தாக்கல் செய்ய, நான்குமே தள்ளுபடியாயின. அதில் டான்சி நில வழக்கின் தண்டனையும் ஒரு காரணம், இரண்டுக்கு மேல் நிற்க முடியாது என்ற புது வரம்பும் ஒரு காரணம். 2024-இல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்து வயநாட்டை விட, அங்கே மறுபடியும் ஒரு தேர்தல் நடந்தது. ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே நிற்கலாம் என்று மாற்றும்படி தேர்தல் ஆணையம் 2004-இலேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023 பிப்ரவரியில் இதற்கான வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றது. நாடாளுமன்றம் இன்னும் தொடவில்லை. இடைத்தேர்தல் செலவைப் பொதுப்பணத்திலிருந்து கட்டுகிற நாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு முதலமைச்சர்கள்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியாக நடந்தவர்களில் காமராஜரும் ஒருவர்.

1952 பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனவர் அவர். 1954 ஏப்ரல் 13 அன்று சென்னை மாநில முதலமைச்சராகப் பதவியேற்றபோது அவர் சட்டமன்றத்திலும் இல்லை, மேலவையிலும் இல்லை. உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று 164-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. மேலவைக்குள் நியமனமாக நுழையும் வழி அவருக்கும் திறந்திருந்தது. இரண்டு வருடம் முன்பு ராஜாஜி ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்துதான் முதலமைச்சரானார். அது நாடு முழுக்கப் பேசப்பட்ட சர்ச்சை. காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். பெரியாரும் அண்ணாவும் அங்கே அவருக்கு ஆதரவு கொடுத்தார்கள். ஜெயித்துச் சட்டமன்றத்துக்கு வந்தார், ஸ்ரீவில்லிபுத்தூர் தன் மக்களவை இடத்துக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டது. 1957-இலும் 1962-இலும் சாத்தூர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

45 வருடம் கழித்து அதே சந்து ஒரு மத்திய அரசையே கவிழ்த்தது. கிரிதர் கமாங் 1999 பிப்ரவரியில் ஒரிசாவின் முதலமைச்சரானார். மக்களவை இடத்தை விடவில்லை. சட்டப்படி விட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அவர் இன்னும் ஒரிசா சட்டமன்றத்துக்குத் தேர்வாகவில்லை. ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. ஏப்ரல் 17 அன்று புவனேஸ்வரிலிருந்து ஒரு முதலமைச்சர் டெல்லிக்கு வந்து மக்களவையில் உட்கார்ந்து வாக்களித்தார். சபாநாயகர் பாலயோகி அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270.

அன்று சிவகாசித் தொகுதியின் எம்.பி. வைகோ. அவருடைய கட்சி வாஜ்பாய் பக்கம் நின்றது. அவருக்கு வாக்களித்த தீப்பெட்டித் தொழிலாளியும் பட்டாசுத் தொழிலாளியும் தங்கள் தொகுதிக்கென்று ஒரே ஒரு எம்.பி.யை அனுப்பியிருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு மாநிலத்தையே ஆண்டுகொண்டிருக்கிற ஒருவர் அதே எடையுள்ள வாக்கைப் போட்டார். கமாங் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் ஒரு மாநில அரசின் தலைவர், மத்திய அரசின் ஆயுளைத் தன் கையால் தீர்மானிக்கிற இடத்தில் இருந்தார். கூட்டாட்சி அமைப்பில் இது வரக் கூடாத நிலைமை. முதலமைச்சராகப் பதவியேற்கும் நாளிலேயே மக்களவை இடம் காலியாகும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அதை இன்று வரை யாரும் சேர்க்கவில்லை.

ஆளுநர் பதவிக்கு அந்த வரி இருக்கிறது. 158-ஆவது பிரிவின்படி எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ ஆளுநராகப் பதவியேற்ற நாளிலேயே அவருடைய சபை இடம் காலி. ஆளுநருக்குப் பொருத்தமானது முதலமைச்சருக்கு ஏன் ஆகாது?

பணத்தை மட்டும் பார்க்கிற சட்டம்

அடுத்த தடை ஆதாயம் தரும் பதவி. அரசு கொடுக்கிற, வருமானமுள்ள பதவியில் இருப்பவர் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்கக் கூடாது. மன்னர் பதவிகளைக் கொடுத்து உறுப்பினர்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவார் என்ற பயத்தில் 1701-இல் இங்கிலாந்து போட்ட சட்டத்திலிருந்து வந்த யோசனை இது. பயம் நியாயமானது. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர் அரசிடமே சம்பளம் வாங்கக் கூடாது. அமைச்சர்களுக்கு அரசியல் சட்டமே விலக்குக் கொடுக்கிறது.

2006-இல் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். தான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்று வாதாடினார். வாங்கினாரா இல்லையா என்பது முக்கியமில்லை, அந்தப் பதவியில் ஆதாயம் வாங்க வழி இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதே காலத்தில் தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த சோனியா காந்தி எம்.பி. பதவியை ராஜினாமா செய்து மறுபடியும் ரேபரேலியில் நின்று ஜெயித்தார். பிறகு நாடாளுமன்றம் என்ன செய்தது? 1959-இன் சட்டத்தைத் திருத்தி, விலக்குப் பெற்ற பதவிகளின் பட்டியலை நீட்டிக்கொண்டது, அதையும் முன்தேதியிட்டு. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அந்த மசோதாவைக் கையெழுத்திடாமல் ஒருமுறை திருப்பி அனுப்பினார். விருதுநகர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்து ராமேஸ்வரத்துக்காரர் எழுப்பிய ஆட்சேபணையை நாடாளுமன்றம் கேட்கவில்லை. அதே மசோதா மறுபடியும் வர, அரசியல் சட்டப்படி அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று.

இந்தச் சட்டம் கேட்கிற கேள்வி, இந்தப் பதவியால் உனக்கு என்ன கிடைக்கிறது என்பது. இந்தப் பதவிக்கு உன்னிடமிருந்து என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அதில் இல்லை. விருதுநகர் நகராட்சித் தலைவர் பதவியை விட்ட மனிதர் கேட்டுக்கொண்டது இந்த இரண்டாவது கேள்வியை.

மேயரும் எம்.எல்.ஏ.வும்

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை நேருக்கு நேர் வந்தது 2002-இல். 1996-இல் நேரடித் தேர்தலில் ஜெயித்த சென்னையின் முதல் மேயர் ஆனார் மு.க.ஸ்டாலின். அதே ஆண்டு ஆயிரம் விளக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் ஆனார். 2001-இல் இரண்டு பதவிக்கும் மறுபடி தேர்வானார். அடுத்த வருடம் ஜெயலலிதா அரசு நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஒருவர் இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது என்றது. ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கும் அது பாயும்படி இருந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஸ்டாலின் மேயர் பதவியிலிருந்து இறங்கினார், துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பைப் பார்த்தார்.

ஒரு மனிதரைக் குறிவைத்துச் சட்டம் போட்டது தவறு. மக்கள் வாக்களித்து இரண்டு பதவியையும் கொடுத்த பிறகு, நடுவில் விதியை மாற்றுவது வாக்காளரை அவமதிப்பது. ஆனால் சட்டத்தின் உள்ளடக்கத்தை நான் ஆதரிக்கிறேன். பெருநகரத்தின் குப்பையையும் மழைநீர் வடிகாலையும் பார்க்கிறவர் சட்டமன்றக் கூட்டத்தொடரில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்த வேலையை யாரிடம் விடுவார்? அடுத்த தேர்தலிலிருந்து அமலாகும் என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தால் அந்தத் திருத்தத்துக்கு மரியாதை கிடைத்திருக்கும். அரசியல் பகை அதைக் கெடுத்துவிட்டது.

பிரான்ஸ் இதைப் பொறுமையாகச் செய்தது. அங்கே மேயர்கள் நாடாளுமன்றத்திலும் உட்காருவது தலைமுறைகளாக நடந்த வழக்கம். மேயரே உறுப்பினராகவும் இருந்தால்தான் ஊரின் குறை டெல்லிக்கு… அவர்கள் கணக்கில் பாரிசுக்கு… எட்டும் என்று வாதாடியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 2014-இல் அதைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். அமலானது 2017 தேர்தலிலிருந்து. எல்லோருக்கும் மூன்று வருடம் அவகாசம், யார் பெயரும் அதில் இல்லை.

நம் அரசியல் சட்டமே இந்த விஷயத்தில் இரண்டு மனதாக இருக்கிறது. 73, 74-ஆவது திருத்தங்கள் ஊராட்சி ஒன்றியத்திலும் மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சியிலும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இடம் கொடுக்க மாநிலங்களை அனுமதிக்கின்றன. கலந்து பேச உட்காருவது வேறு, தலைமை நாற்காலியில் உட்காருவது வேறு. சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சியாகி 2022-இல்தான் முதல் தேர்தலைக் கண்டன. அச்சகங்களும் தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசு ஆலைகளும் சூழ்ந்த ஊருக்கு முழுநேர மேயர் வேண்டும், முழுநேர கவுன்சிலர் வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மனைவி பெயரில் ஜெயித்துக் கணவர் நாற்காலி போட்டு உட்காருகிற பழக்கமும் இதே நோயின் இன்னொரு வடிவம். அங்கே ஒரு பதவிக்கு இரண்டு ஆள் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் பதவிக்குரியவர் ஒருவரும் வேலை செய்வதில்லை.

கூடுதல் பொறுப்பு

இதுவரை சொன்னது தேர்தலில் ஜெயித்தவர்களைப் பற்றி. தேர்தலே இல்லாத பதவிகளில்தான் இரட்டைப் பொறுப்பு சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது.

மேலிருந்து தொடங்கலாம். ஒருவரையே இரண்டு மாநிலங்களுக்கு ஆளுநராக்கலாம் என்று 1956-இன் ஏழாவது திருத்தம் வழி செய்தது. 2016 செப்டம்பர் தொடக்கத்தில் மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் தமிழ்நாட்டைக் கூடுதல் பொறுப்பாக ஏற்றார். பன்வாரிலால் புரோகித் வந்தது 2017 அக்டோபரில். இடையில் ஒரு வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டுக்கு முழுநேர ஆளுநர் இல்லை. எந்த ஒரு வருடம் என்று பாருங்கள். ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்ததும், டிசம்பர் 5 அன்று இறந்ததும், கட்சி பிளந்ததும் அந்த வருடத்தில்தான். 2017 பிப்ரவரி 5 அன்று ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். ஆளுநர் சென்னைக்கு வந்தது 9-ஆம் தேதி. யார் முதலமைச்சர் என்று தெரியாமல் ஒரு மாநிலம் காத்திருந்தது. ராவ் எடுத்த முடிவுகளை இங்கே நான் எடைபோடவில்லை. ஆளுநர் மாளிகையில் ஆள் இருந்திருந்தால் அந்த நாட்களின் வதந்தியில் பாதி குறைந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். விருதுநகர் மாவட்டம் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா, சென்னையின் முதலமைச்சராக இருந்தவர், 1954-இல் ஒரிசாவின் ஆளுநராகப் போனார். அப்போது ஒரு மாநிலத்துக்கு ஒரு ஆளுநர் என்பதே விதி.

இனி கீழே வரலாம், சிவகாசிக்கு.

நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மாவட்டத்திலிருந்து போகிறது என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்று வட்டாரக் கரிசல் காட்டில் பரந்து கிடக்கின்றன. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஊரில் மூன்று வகையாகச் சொல்வார்கள். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் துறை தருவது, மூன்றாவது மாவட்ட நிர்வாகம் சின்ன ஆலைகளுக்குத் தருவது. இவற்றைக் கண்காணிக்க வெடிபொருள் துறை இருக்கிறது, மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை இருக்கிறது, வருவாய்த் துறையில் பட்டாசுக்கென்றே தனி வட்டாட்சியர் இருக்கிறார், தீயணைப்புத் துறையும் போலீஸும் இருக்கின்றன. தாளில் பார்த்தால் கண்களுக்குக் குறைவில்லை.

ஒரு ஆலையை ஒழுங்காகச் சோதிக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். அறைகள் ஒன்றுக்கொன்று விதித்த தூரத்தில் தனித்தனியாக இருக்கின்றனவா? ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா? மருந்து கலக்குகிற அறையில் கலக்குவதைத் தவிர வேறு வேலை நடக்கிறதா? அன்றன்றைக்குத் தேவையான மருந்துக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார்களா? மரத்தடியில், ஷெட்டுக்கு வெளியே, சாக்கு விரித்து வேலை நடக்கிறதா? இடிதாங்கி வேலை செய்கிறதா? லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, நடத்துவது யார், உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா? இதையெல்லாம் வாசலில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு அறையாக நடக்க வேண்டும், சொல்லாமல் போக வேண்டும், ஒருமுறை போன இடத்துக்கு மறுபடி போக வேண்டும்.

அறைக்கு நாலு பேர், ஒரு அறைக்கு ஒரு வேலை என்ற விதி ஏன் வந்தது என்று பட்டாசுத் தொழிலாளி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு இடத்தில் பொறி பட்டால் அது அந்த இடத்தோடு நிற்க வேண்டும். இரண்டு வேலையை ஒரு அறையில் போட்டால் இரண்டு ஆபத்தும் ஒன்றுக்கு ஒன்று தீ கொடுக்கும். பதவிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து ஓடிவந்து உதவப் போனவர்கள், வேடிக்கை பார்த்து நின்றவர்கள். விதிமீறலுக்காக லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை இயங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது வெளிவந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் குழு அமைப்பார்கள், சோதனை தீவிரமாகும், சில லைசென்ஸ்கள் ரத்தாகும். நான்கு மாதம் போனால் பழையபடி. நிறுத்திவைக்கும் உத்தரவு போடுவது ஒரு வேலை. அது அமலாகிறதா என்று மறுநாள் போய்ப் பார்ப்பது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு, அதற்கென்று மட்டும் இருக்கிற ஆள் வேண்டும். பக்கத்து வட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிற அதிகாரி உத்தரவோடு நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளில் ஒரு மனிதர் நடக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

விபத்துக்குப் பிறகும் இதே கதைதான். உடல் சிவகாசி அரசு மருத்துவமனையில் இருக்கும், தீக்காயம் பட்டவர்கள் மதுரை வரை போயிருப்பார்கள். நிவாரணம் கைக்கு வர இறப்புச் சான்று வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவையில் விண்ணப்பம் போட்டாலும், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கையெழுத்திட வேண்டும். வி.ஏ.ஓ. பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.வுக்குக் கூடுதல் பொறுப்பு. திங்கள், வியாழன் அந்த ஊர், மற்ற நாள் இந்த ஊர் என்று கணக்கு. நடுவில் பயிர்க் கணக்கு, தேர்தல் வேலை, கலெக்டர் கூட்டம் ஏதாவது வந்துவிட்டால் அந்த வாரம் போச்சு. புருஷனைப் பறிகொடுத்த பெண், அவளுடைய மாமியார், இடுப்பில் கைக்குழந்தை, கையில் பிளாஸ்டிக் பைக்குள் ரேஷன் கார்டும் ஆதாரும் புகைப்படமும். பூட்டிய கதவுக்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். "சார் அந்த ஊருக்குப் போயிருக்காருத்தா, வியாழக்கெழம வாங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். பஸ் பிடித்து வந்ததற்கு ஒரு நாள் கூலி போனது. வியாழக்கிழமை இன்னொரு நாள் கூலி போகும். பட்டாசு வேலை அன்றாடக் கூலி, வராத நாளுக்குக் காசு கிடையாது.

ஒரே அரசு ஊழியரை ஒன்றுக்கு மேற்பட்ட பணியிடத்தில் வைக்க அடிப்படை விதிகளின் 49-ஆவது விதி இடம் கொடுக்கிறது. அந்த விதியின் அக்கறையெல்லாம் கூடுதல் சம்பளம் எவ்வளவு, எப்போது தரலாம் என்பதில் இருக்கிறது. ஆதாயப் பதவிச் சட்டத்தைப் போலவே இதுவும் பணத்தைத்தான் எண்ணுகிறது. காத்திருக்கிற மனிதருக்கு எத்தனை நாள் போனது என்று அது கேட்பதில்லை. எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் 14 நாள் கெடு விதித்த நாட்டில், வெடிமருந்து அறையைச் சோதிக்கிற பணியிடம் எத்தனை மாதம் இன்னொருவர் பொறுப்பில் கிடக்கலாம் என்று நாம் கேட்பதே இல்லை.

காமராஜரே இன்னொரு முறையும் வழி காட்டினார். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்துவிட்டு, 1963 அக்டோபர் 2 அன்று, கட்சி வேலைக்கு முழுநேரம் கொடுக்க வேண்டும் என்று பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று அவர் போட்ட திட்டத்தில் ஆறு முதலமைச்சர்களும் லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினார்கள். சாஸ்திரி சில மாதங்களிலேயே அமைச்சரவைக்குத் திரும்பினார் என்பதும், திட்டத்துக்குள் வேறு கணக்கு இருந்தது என்ற விமர்சனமும் உண்டு. இருக்கட்டும். முதலமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே காங்கிரஸின் அகில இந்தியத் தலைவராகவும் இருக்க அவர் முயலவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாத கட்சி கிடையாது. சிலைக்கு மாலை போடுகிறவர்களிடம் கேட்க எனக்கு மூன்று விஷயம் இருக்கிறது. முதலமைச்சராகப் பதவியேற்ற நாளில் நாடாளுமன்ற இடம் காலியாகும் என்ற திருத்தத்தை டெல்லியில் கேளுங்கள். எம்.எல்.ஏ.வும் உள்ளாட்சித் தலைவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பதை எந்தச் சந்துக்கும் இடமில்லாமல், அடுத்த தேர்தலிலிருந்து என்று நாள் குறித்துச் சென்னையில் உறுதி செய்யுங்கள். மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அவசரமாகத் தோன்றுகிறது. பட்டாசு ஆலைகளைச் சோதிக்கிற பணியிடங்களிலும், இந்த வட்டாரத்தின் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பணியிடங்களிலும் கூடுதல் பொறுப்புக்கு ஒரு காலவரம்பு வேண்டும். அந்த நாள் தாண்டினால் ஆளைப் போட வேண்டிய கடமை அரசுக்கு வர வேண்டும்.

இந்தக் கடைசி வேலையின் முதல் படிக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் ஒரு வாரத்தில் முடிகிற காரியம். தீபாவளி முடிந்து சிறிது நாள் மூடிக் கிடக்கும் ஆலைகள் பூஜை போட்டு மறுபடி திறக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வேலை சூடு பிடிக்கும். அதற்கு முன்பே, எந்தப் பணியிடம் காலி, எந்த நாளிலிருந்து காலி, யாரிடம் கூடுதல் பொறுப்பாக இருக்கிறது, அவரிடம் ஏற்கெனவே எத்தனை பொறுப்பு என்ற பட்டியல் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்தின் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மாதாமாதம் புதுப்பிக்கப்பட வேண்டும்.